மடு முடியட்டும்

ஏப்ரல் மாதத்தின் கடைசி நாள் காலையில், டக்காமிஷ் ஆற்றங்கரையில் நின்று, தோரா பாக்கன் தன் நீண்ட தூண்டிற்கோலைக் கணவனிடம் நீட்டினாள். ஹால்வர் வழக்கம்போலத் தொப்பியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, தங்கூசி நரம்பின் நுனியை முள்ளின் காதில் நுழைத்து முடிந்து, முடிச்சை இறுக்குவதற்கு முன் உதட்டில் வைத்து எச்சிலால் நனைத்து, மெல்ல இழுத்து இறுக்கினான். நரம்பின் முனையில், முள்ளின்மேல் ஊதா இறகும் கறுப்பு மயிரும் சேர்த்துக் கட்டிய போலி ஈ ஒன்று இரையாக ஆடியது.

“இந்தா. இதுக்கு மசியாத மீனு இந்த ஆத்துல இல்ல,” என்றான்.

“நீ கட்டுன ஈக்கு மசியுது, ஹால்வர். என் கைக்குத்தான் மசிய மாட்டேங்குது,” என்றாள் தோரா.

மூட்டுவாதம் அவள் விரல்களை உள்நோக்கி வளைத்துவிட்டிருந்தது. கோலின் தக்கைப் பிடியைப் பற்றவும் வீசவும் அவை இன்னும் உதவின; நரம்பைப் பிடித்து முடிச்சிட மட்டும் உதவவில்லை. ஆகவே குளிர்கால மாலைகளில் ஹால்வர் கார் நிறுத்தும் கொட்டகையின் விளக்கடியில் அமர்ந்து அவளுக்கென்றே ஈக்களைக் கட்டிப் பெட்டியில் வரிசையாகக் குத்திவைப்பான். தேவாலயத்தில் ஞாயிற்றுக்கிழமைக் காப்பிக்குக் கூடும் பெண்கள் இதைக் கேட்டுப் பெருமூச்சு விடுவார்கள். “என் ஆளு எனக்குச் செருப்பைக்கூட நகத்திப் போட மாட்டான்,” என்பாள் ஒருத்தி. அப்போதெல்லாம் தோராவின் முகத்தில் தோன்றும் பெருமிதத்தை அவளால் மறைக்க இயன்றதில்லை.

அவர்கள் நின்ற இடத்துக்கு நெடுமடு என்று பெயர். தேவதாரு மரங்கள் கவிந்த செங்குத்துக் கரைக்கும் கூழாங்கற் பரப்புக்கும் இடையே பச்சை நிறத்தில் நீண்டு கிடந்த அம்மடுவில் ஒரே வேளையில் நால்வர்தாம் மீன்பிடிக்கலாம். அந்நால்வரும் ஹால்வர், அவனுடைய நண்பர்களான வெண்டலும் ஆர்லோவும், தோரா என்பது அவ்வூரில் எழுதப்படாத ஏற்பாடு. மேல்முனையில் இறங்கி, குறுக்கே வீசி, நூலை நீரோட்டத்தில் வளைந்து வரவிட்டு, பின்னர் ஓரடி கீழே நகர்ந்து மறுபடி வீச வேண்டும். இவ்வாறே வால்முனை வரையில் செல்ல வேண்டும். முன்னே செல்பவருக்கு இரவெல்லாம் இளைப்பாறிய மீன்கள் கிடைக்கும். பின்னே வருபவருக்கு அவர் விட்ட மிச்சம். ஒரு பருவத்தில் பெரிய மீனைப் பிடித்தவர் அடுத்த பருவம் முழுவதும் முதலில் இறங்குவார். கடலுக்குச் சென்று பெருத்துத் திரும்பும் ஸ்டீல்ஹெட் என்னும் ட்ரவுட் மீனை நீரைவிட்டு வெளியே எடுப்பது சட்டப்படி குற்றமாதலால், அதன் வாலடியைக் கையால் பற்றிவிட்டாலே பிடித்ததாகக் கொள்வது அவர்கள் வழக்கம்.

இன்னொரு வழக்கமும் உண்டு. மடுவில் இறங்கிவிட்டவரை, அவர் வால்முனையை அடையும்வரை எக்காரணங்கொண்டும் கரைக்கு அழைத்தலாகாது.

இரண்டு பருவங்களுக்கு முன் தோரா பாசிக்கல்லில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். மடுவின் நடுவில் நின்ற ஹால்வரை அவள் கூவி அழைத்தபோது அவன் திரும்பிக்கூடப் பாராமல், “மடு முடியட்டும்!” என்றான். முறிந்த கையை மடியில் கிடத்திக்கொண்டு அவள் வண்டியில் அமர்ந்திருந்தாள்; அவன் வால்முனையைத் தொட்ட பிறகே மருத்துவமனைக்குப் புறப்பட்டார்கள். அதற்கப்புறம் அது அக்கூட்டத்தின் தீராத வேடிக்கையாகிவிட்டது. சாப்பாட்டு மேசையில் யாரேனும் உப்பைக் கேட்டால், “மடு முடியட்டும்!” என்று மற்றவர்கள் கூச்சலிடுவார்கள். தோராவும் உடன் சிரிப்பாள்.

சென்ற குளிர்காலத்தில், ஆர்லோவின் சமையலறையில் மான்கறிக் குழம்பு உண்டுகொண்டிருந்தபோது, அவளது இடத்தைப் பற்றிய பேச்சு எழுந்தது. மரம் ஏற்றும் லாரி ஓட்டி ஓய்வுபெற்ற வெண்டலுக்கு டாரன் என்றொரு மருமகன் இருந்தான். நெடுமடுவில் கால்வைக்க அவன் ஏங்கிக்கிடந்தான். தோரா பருவத்துக்குப் பருவம் மீன்களைக் கொக்கியில் மாட்டி மாட்டி இழந்துகொண்டிருந்தாள். பேச்சைத் தொடங்கியவன் ஹால்வர்தான். அதுவும் மிகக் கனிவாகத் தொடங்கினான்.

“அவ கை போயிருச்சுடா. அவளைப் போட்டு வதைக்கிறது எனக்கே மனசுக்கு ஆகல,” என்றான்.

தோரா தட்டைத் தள்ளிவைத்துவிட்டு ஒரு நிபந்தனை சொன்னாள். இப்பருவம் முடிவதற்குள் ஒரே ஒரு மீனின் வாலை அவள் பற்றிவிட்டால், சாகும்வரை இடம் அவளுடையது; இல்லையேல் டாரனுடையது. ஆண்கள் மூவரும் பீர்ப்புட்டிகளை மேசையில் தட்டி ஒப்புக்கொண்டார்கள்.

அதன்பின் மழையிலும் பனியிலும் அவள் ஆற்றுக்கு வந்தாள். மீன்கள் கடித்தன, கழன்றன. இன்றோ பருவத்தின் கடைசி நாள். நள்ளிரவோடு ஆற்றில் மீன்பிடிக்கத் தடை வந்துவிடும்.

காலையில் ஹால்வர் முதலில் இறங்கி ஒரு மீனைப் பிடித்து விடுவித்தான். வெண்டலும் ஆர்லோவும் வெறுங்கையோடு கரையேறினார்கள். கடைசியாக வந்த தோராவின் நூல், மடுவின் இடுப்பிலுள்ள மூழ்கிய பாறையைச் சுற்றி வளைந்து வந்தபோது, நுனியில் அந்த இழுப்பு விழுந்தது. உள்ளங்கையிலிருந்து முழங்கைக்கும், அங்கிருந்து நெஞ்சுக்கும் ஏறும் இழுப்பு. கோலின் நூலுருளை ஒருமுறை அலறியது. நீருக்குமேல் வெள்ளியாக ஒரு மீன் எழும்பி, தலையை உதறி விழுந்தது. நூல் தொய்ந்துவிட்டது.

“மகாராணி! மீனைப் பிடிக்கணும். முத்தம் குடுத்து வழியனுப்பக் கூடாது!” என்று கரையிலிருந்து கத்தினான் ஆர்லோ.

“டாரனுக்கு போன் போட்டுரட்டுமா, ரப்பர் கால்சட்டை வாங்கிக்கடான்னு?” என்றான் வெண்டல்.

“இங்க ஏதுடா சிக்னலு?”

“அது ஒண்ணுதான் குறை. இருந்திருந்தா போன வருஷமே போட்டிருப்பேன்.”

“அவளை விடுங்கடா,” என்று ஹால்வர் இடைமறித்தான். “தோரா, சீக்கிரம் தூக்கிட்டே. மீன் இழுத்ததும் கோலைத் தூக்காதே. அதுவே திரும்பட்டும், அதுவே மாட்டிக்கட்டும். எத்தனை தடவ சொல்றது?”

தோரா நூலைச் சுருட்டினாள். தான் தூக்கவில்லை என்றுதான் அவளுக்குத் தோன்றியது. ஆயினும் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, எல்லாரும் ஒன்றையே சொல்ல, தன் மனம் அறியாமல் தன் கை ஏதோ செய்கிறதோ என்னும் ஐயம் அவளைப் பற்றியிருந்தது. இரவில் படுக்கையில் வலக்கையைப் போர்வைக்குமேல் எடுத்துவைத்து, அயலாரின் கையைப் பார்ப்பதுபோல் அதைப் பார்ப்பாள்.

நண்பகலில் நால்வரும் வெள்ளத்தில் அடித்துவந்து ஒதுங்கிய பெருமரத்தின்மேல் அமர்ந்து கம்புரொட்டியும் மான்கறித் தொத்திறைச்சியும் உண்டார்கள். தோரா தான் புளிப்பு ருபார்ப் தண்டு வைத்துச் சுட்டுக் கொண்டுவந்த இனிப்பு அப்பத்தை வெட்டிக் கொடுத்தாள். வெண்டல் இரண்டாம் துண்டுக்குக் கை நீட்டினான்.

“என் பொண்ணுக்கு இது சுடத் தெரியாது, தோரா. அடுத்த வருஷம் நீ வராட்டியும் பரவால்ல. டாரன் கையில இதைக் குடுத்தனுப்பிரு.”

“இன்னும் நாள் முடியல, வெண்டல்.”

“முடியலதான்,” என்று சொல்லிவிட்டு, விரலில் ஒட்டியதை நக்கிக்கொண்டே அவன் ஆர்லோவைப் பார்த்தான். ஆர்லோ வேறெங்கோ பார்த்து இருமினான். அந்தப் பார்வையைத் தோரா கண்டாள். அதன் பொருள்தான் அப்போது அவளுக்கு விளங்கவில்லை.

பிற்பகலில் வெயில் சுள்ளென்று அடித்தது. சால்மன்பெரிப் புதர்களின் இளஞ்சிவப்புப் பூக்களைத் தேனீக்கள் மொய்த்தன. இத்தகைய வெயில் நாளில் மலைமேற் பனி உருகி, மாலைக்குள் ஆறு ஏறும் என்பது அங்குள்ள யாவருக்கும் தெரியும். ஏறுவதற்குமுன், மடுவின் வால்முனையில் ஆற்றைக் கடந்து, எதிர்ப்பக்கக் கூழாங்கல் திட்டிலிருந்து முயன்று பார்க்கலாம் என்று ஹால்வரே சொன்னான். வெண்டலும் ஆர்லோவும் அதற்குள் ஆற்றில் இறங்க அணியும் ரப்பர் கால்சட்டைகளைக் கழற்றிக் காயப்போட்டுவிட்டு, பீரைத் திறந்துகொண்டு வேடிக்கை பார்க்க அமர்ந்துவிட்டார்கள்.

வால்முனைக்குக் கீழே ஆறு பாறைகளுக்கிடையே நுரைத்துப் பாய்ந்தது. அதற்கு மேலேயுள்ள ஆழங்குறைந்த வரப்பில்தான் கடக்க வேண்டும். ஹால்வரின் ஒரு முழங்கால், மரம் அறுக்கும் ஆலையில் நசுங்கியபின், உலோகத்தால் ஆனது. நீரோட்டத்தில் அது தனியே நிற்காது. ஆகையால் தோரா மேற்புறம் நின்று நீரின் வேகத்தைத் தன்மேல் வாங்கிக்கொள்வாள். அவன் அவளது தோளைப் பற்றிக்கொண்டு கீழ்ப்புறமாக வருவான். அந்த வரப்பின் ஒவ்வொரு கல்லும் அவள் பாதங்களுக்குத் தெரியும்.

“தூக்காதே, தேய். ஒரு கால் நின்ன பெறகுதான் அடுத்த கால்,” என்றாள் அவள், கடக்கும்போதெல்லாம் சொல்வதுபோலவே.

“தெரியும், தெரியும்.”

திட்டை அடைந்து அவள் வீசத் தொடங்கிய சிறிது நேரத்திலேயே இரண்டாம் இழுப்பு விழுந்தது. இதுவரை அவள் கண்டிராத இழுப்பு. மீன் மேலே வரவேயில்லை. ஆற்றின் அடியில் ஒரு கதவு மெல்லச் சாத்தப்படுவதுபோல் கனத்து, திரும்பி, எதிர்க்கரையை நோக்கி நகர்ந்தது. கோலை அவள் தூக்கவில்லை, தாழ்த்தியே வைத்திருந்தாள். தாழ்த்திய கோலைத் தன் கண்ணாலேயே குனிந்து பார்த்துக்கொண்டாள். அப்படியிருந்தும் நூல் தளர்ந்தது.

“தூக்கிட்டே,” என்றான் பின்னால் அமர்ந்திருந்த ஹால்வர்.

“தூக்கல.”

“நான்தான் பாத்தேனே, தோரா.”

“நானும் பாத்தேன், ஹால்வர். தூக்கல.”

எதிர்க்கரையிலிருந்து கைதட்டல் கேட்டது. “டாரன் வாழ்க!” என்று ஒரு குரல் நீருக்குமேல் மிதந்து வந்தது.

“போதும், வா. இத்தோட விட்டுரு. உன்னை இப்படிப் பாக்க எனக்குக் கஷ்டமா இருக்கு,” என்றான் ஹால்வர். அவன் குரலில் உண்மையாகவே ஒரு நெகிழ்ச்சி இருந்தது.

அவள் நூலைச் சுருட்டினாள். ஈ அவளுடைய காலடித் தெளிநீருக்கு வந்தபோது, கல்லடியிலிருந்து சாணளவு ட்ரவுட் ஒன்று பாய்ந்து அதைக் கௌவியது. தோரா அசையாமல் பார்த்தாள். நூல் இறுகியது, மீனின் தலை திரும்பியது, அது வாயைத் திறந்தது, ஈ வெளியே வந்தது. குழந்தை வேண்டாத கவளத்தைத் துப்புவதுபோல் அவ்வளவு எளிதாக வந்தது. சிறுமீன் விடவில்லை, மறுபடி கௌவியது. தோரா இம்முறை வேண்டுமென்றே இழுத்தாள். மறுபடி அது வழுவி வந்தது.

அவள் ஈயைக் கையில் எடுத்தாள். முள் கூர்மையாயிருக்கிறதா என்பதை அங்கு எவரும் கட்டைவிரல் நகத்தில் தேய்த்தே அறிவார்கள். கூர் இருந்தால் நகத்தில் வெள்ளைக் கீறல் விழும். ஒவ்வொரு முறை வீசுவதற்கு முன்பும் செய்ய வேண்டிய அச்சோதனையைத் தோரா சில பருவங்களாகச் செய்ததேயில்லை. கட்டிக் கொடுத்தவன் கணவனாயிருக்க, அதைச் சோதிப்பது அவனை அவமதிப்பதாகும் என்று அவள் எண்ணியிருந்தாள்.

இப்போது தேய்த்தாள். முள் கண்ணாடிமேல் வழுக்குவதுபோல் நகத்தின்மேல் வழுக்கிச் சென்றது.

கழுத்தில் தொங்கிய கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள். கல்லில் பட்டு உடைந்திருந்தால் முனை பிசிறாயிருக்கும். இது அரத்தால் உருட்டி வழித்த முனை. பெட்டியைத் திறந்து அடுத்ததைத் தேய்த்தாள், அதற்கடுத்ததையும் தேய்த்தாள். அடி வரிசையில் இறகு நைந்து துருவேறிக் கிடந்த பழைய ஈக்களையும் தேய்த்துப் பார்த்தாள். நகத்தில் துருவின் கறை படிந்தது; கீறல் ஒன்றும் விழவில்லை.

“ஹால்வர், இந்த முள்ளுல கூர் இல்ல.”

“கல்லுல பட்டிருக்கும்.”

“எல்லாமுமா? பெட்டிக்குள்ள இருந்தேவா கல்லுல பட்டுச்சு?”

ஹால்வர் எழுந்து நின்று ஆற்றைப் பார்த்தான். பச்சையாயிருந்த நீரில் பால் கலந்ததுபோல் வெண்மை பரவியிருந்தது.

“தண்ணி ஏறுது. தோளைக் குடு, போலாம்.”

“எப்போலேர்ந்து?”

“தோரா...”

“எப்போலேர்ந்துன்னு கேட்டேன்.”

அவன் தொப்பியைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டான். “நீ அந்தப் பெரிய மீனைப் பிடிச்சியே, அதுக்கப்புறம். அடுத்த பருவம் பூரா நீ முன்னால, நான் உன் முதுகைப் பாத்துக்கிட்டுப் பின்னால. இவனுங்க எனக்கு ‘திருமதி பாக்கன்’னு பேரு வெச்சானுங்க. கடையில, தேவாலயத்துல, முடி வெட்டுற எடத்துலகூட. வணக்கம் திருமதி பாக்கன், வீட்டுக்காரர் சௌக்கியமான்னு. உனக்கென்ன தெரியும்?”

“இத்தனை நாளும் என்னைப் பாத்துத்தானே சிரிச்சாங்க?”

“நீயும்தான் சேந்து சிரிச்சே. உனக்கு உறைக்கல. எனக்கு உறைச்சுது.” தான் செய்த நன்மையை நினைவூட்டுவதுபோல் சொன்னான்: “இழுப்பு கிடைச்சுதில்ல உனக்கு? பாதி சந்தோஷம் அதுலதானே இருக்கு. அதை நான் எடுத்துக்கலையே.”

தோரா பெட்டியை மூடிச் சட்டைப் பையில் வைத்துப் பொத்தானை மாட்டினாள். பொத்தானை மாட்டுவதற்கு அவள் விரல்கள் மிகவும் பாடுபட்டன, அவன் உதவக் கை நீட்டினான், அவள் விலகிக்கொண்டாள். பிறகு தன் கோலை ஊன்றிக்கொண்டு வரப்பில் இறங்கினாள்.

“தோரா! தோளு!”

அவள் ஒருமுறை திரும்பினாள். “தூக்காதே, தேய்,” என்றாள்.

நீர் அவள் தொடைவரை ஏறியிருந்தது. அவள் அவசரமின்றிக் கடந்து, கரையேறி, பெருமரத்தின்மேல் போய் அமர்ந்தாள்.

“என்ன தோரா, புருஷனை அங்கயே விட்டுட்டு வந்துட்டே?” என்றான் வெண்டல்.

“வருவான்.”

ஹால்வர் திட்டின் விளிம்பில் நின்று கையசைத்தான், கூவினான். ஆற்றின் இரைச்சலில் அவளுடைய பெயர் மட்டுமே கேட்டது. சற்றுமுன் அவன் அமர்ந்திருந்த கல்லை நீர் மூடிவிட்டது. தோரா குடுவையைத் திறந்து காப்பியை ஊற்றி, கோப்பையைக் கோணல் விரல்களால் அணைத்துக் கொண்டு குடித்தாள்.

ஆர்லோவுக்கு மூன்று புட்டி பீர் உள்ளே போயிருந்தது. அவன் எழுந்து, இரு கைகளையும் வாயருகே குவித்துக்கொண்டு கத்தினான்: “திருமதி பாக்கன்! பாவாடையைத் தூக்கிச் சொருகிக்கிட்டு வாங்க! பயப்படாதீங்க, நாங்க யாரும் பாக்க மாட்டோம்!”

வெண்டல் தொடையில் தட்டிச் சிரித்தான். அச்சிரிப்பு ஆற்றைக் கடந்து ஹால்வரை எட்டியது. அவனுடைய முதுகு நிமிர்ந்ததைத் தோரா கண்டாள். அவன் ஒரு கையில் கோலைப் பிடித்துக்கொண்டு, தலையை நிமிர்த்தி, நகரத் தெருவைக் கடப்பவனைப்போல வரப்பில் இறங்கினான்.

பாதிவழி வரை வந்தான். பிறகு நடுவிலுள்ள சரிந்த கல்லில் நல்ல கால் நிலைகொள்வதற்குள் உலோக முழங்காலுள்ள காலைத் தூக்கினான்.

தொப்பி முதலில் போயிற்று. கோல் அடுத்துப் போயிற்று. அவன் உடல் ஒருமுறை நீருக்குமேல் திரும்பி, நுரைக்குள் புகுந்து, பாறையொன்றில் மோதி, மறுபடி புரண்டது. ஆண்கள் இருவரும் வெறுங்காலோடு கூழாங்கற்களில் இடறி இடறி ஓடினார்கள். கீழ்வளைவில் ஆறு அவனைத் தானாகவே இக்கரைச் சரளைமேல் ஒதுக்கியது. அவர்கள் அக்குளில் கைகொடுத்து அவனை மேலே இழுத்துப் போட்டார்கள். நெற்றி கிழிந்திருந்தது. அந்தக் கால் உலோக முழங்காலுக்குக் கீழே வேறு பக்கம் திரும்பிக் கிடந்தது. பனிநீரில் தோய்ந்த அவன் உதடுகள் நீலம் பாய்ந்து, பற்கள் ஒன்றோடொன்று அடித்துக்கொண்டன.

“போர்வையெல்லாம் வண்டிக்குள்ள இருக்கு. சாவி எங்கடா?” என்றான் வெண்டல்.

“தோரா கிட்ட. இவன் ஆத்துல தொலைச்சிருவான்னு அவதான் வெச்சிருப்பா.”

நால்வரும் ஒரே வண்டியில் வந்திருந்தார்கள். அது காட்டுப்பாதையின் முடிவில் பூட்டிக் கிடந்தது.

தோரா தன் கோலைப் பற்றியவாறு நடந்து வந்தாள். ஹால்வரின் அருகில் மண்டியிட்டாள். அவனைத் தூக்கி மடியில் கிடத்தப் போகிறாள் என்றே இருவரும் எண்ணி விலகி இடம் கொடுத்தார்கள். அவள் அவனது ஈரச்சட்டையின் மார்புப் பையைத் திறந்து, அவனுடைய ஈப்பெட்டியை எடுத்தாள். நீரை வடித்துவிட்டு, கறுப்பு ஈ ஒன்றைத் தேர்ந்து, கட்டைவிரல் நகத்தில் தேய்த்தாள். வெள்ளையாக ஒரு கீறல் விழுந்தது. கீறலின்மேல் பொட்டாக இரத்தம் அரும்பும்வரை அழுத்தித் தேய்த்தாள்.

பின்னர் எழுந்து, கோலின் நரம்பையும் அந்த ஈயையும் ஆர்லோவிடம் நீட்டினாள்.

“கட்டு.”

“இப்பவா? தோரா, இவன் கெடக்கிற கெடையப் பாரு...”

“நாள் இன்னும் முடியல. கட்டு, ஆர்லோ.”

ஆர்லோ கட்டிய முதல் முடிச்சு அவிழ்ந்துவிட்டது. இரண்டாம் முறை கட்டுகையில் தலை நிமிராமலே முணுமுணுத்தான்: “எங்களுக்குத் தெரியும், தோரா. போன வருஷம் குடிச்சிட்டு அவனே சொன்னான். நாங்க... ஒரு வேடிக்கைன்னு எடுத்துக்கிட்டோம்.”

வெண்டல் தன் பாதங்களைப் பார்த்துக்கொண்டு நின்றான். நண்பகலில் அவர்களிடையே ஓடிய பார்வையின் பொருள் அவளுக்கு இப்போது விளங்கியது.

“டாரனுக்கும் தெரியுமா?” என்று கேட்டாள்.

ஆர்லோ முடிச்சை இழுக்கத் தொடங்கினான்.

“முடிச்சை நனைச்சு இறுக்கு,” என்றாள்.

அவள் கரையோரமாக நடந்து நெடுமடுவின் மேல்முனைக்குச் சென்றாள். பல பருவங்களாக அவள் முதலில் நின்றிராத இடம் அது. ஆறு ஏறும்போது மீன்கள் நடுவோட்டத்தை விட்டுக் கரையை ஒட்டி ஒதுங்கும் என்பதை அவள் அறிவாள். ஆகவே ஆழத்தில் இறங்காமல் முழங்காலளவு நீரில் நின்று, சிறு நீளமே வீசி, நூலைக் கரையோரம் வளைந்து வரவிட்டாள். ஓரடி நகர்ந்தாள். மறுபடி வீசினாள்.

“தோரா! சாவியத் தூக்கிப் போடு! இவன் ஒடம்பு ஐஸாயிருச்சு!” என்று வெண்டல் கத்தினான்.

அவள் திரும்பவில்லை.

அவன் அவளை நோக்கி ஓடி வந்தான். அவளுக்குக் கீழே, நீர் கால்விரல்களைத் தொட்ட இடத்தில் நின்றுவிட்டான். அடுத்த அடி வைத்தால் அது அவள் இன்னும் வீசாத நீர்; அதில் பிறர் முந்தி இறங்குவது அவர்கள் வழக்கமல்ல. வாழ்நாளெல்லாம் பழகிய கால்கள் அதற்குமேல் நகர மறுத்தன.

மூழ்கிய பாறைக்குச் சற்று மேலே இழுப்பு விழுந்தது. தோரா கோலைத் தூக்கவில்லை. மீன் தானே திரும்பியது, தானே மாட்டிக்கொண்டது. உருளை அலறிற்று; நின்றது; மறுபடி அலறிற்று. இருமுறை மீன் எழும்பி விழுந்தது. நூல் தொய்யவில்லை. அவள் பின்வாங்கிப் பின்வாங்கி அதை ஆழமற்ற சரளைக்குக் கொண்டுவந்தாள். பிறகு குனிந்து, வளைந்த விரல்களை வலியோடு விரித்து, வாலடியைப் பற்றினாள். முதுகு நீலங்கலந்த எஃகு நிறம். விலாவில் இளஞ்சிவப்பாய் ஒரு பட்டை. உள்ளங்கைக்குள் அந்த வால் உயிரோடு கனத்தது. முள் தாடையின் மூலையில் ஆழப் பதிந்திருந்தது. அவள் அதைக் கழற்றிவிட்டு, மீனின் தலையை ஓட்டத்துக்கு எதிரே திருப்பிப் பிடித்தாள். அது ஒருமுறை உந்திக்கொண்டு வெண்ணீருக்குள் மறைந்தது.

“பாத்தேன்! ரெண்டு கண்ணாலயும் பாத்தேன்!” என்று வெண்டல் கையெடுத்துக் கும்பிடாத குறையாகக் கத்தினான். “எடம் உன்னுதுதான். சாகுற வரைக்கும் உன்னுதுதான். டாரன் கிட்ட நானே சொல்லிக்கிறேன். இப்ப வெளிய வா, தாயே. சாவியக் குடு!”

கீழ்வளைவில் ஆர்லோ தன் சட்டையைக் கழற்றி ஹால்வரின்மேல் போர்த்தி, அவனை இறுக அணைத்துக்கொண்டிருந்தான். ஹால்வரின் கண்கள் திறந்தேயிருந்தன. அவை மடுவைப் பார்த்துக்கொண்டிருந்தன. அவள் மீனைப் பிடித்ததையும் விட்டதையும் அவன் பார்த்துவிட்டிருந்தான்.

“தோரா,” என்றான் அவன். பற்கள் அடித்துக்கொண்டதால் அது பெயராக அல்லாமல் வெறும் ஒலியாகவே வந்தது. “தோரா... குளிருது.”

தோரா ஈயை எடுத்து நகத்தில் தேய்த்துப் பார்த்தாள். கூர் மழுங்கவில்லை. இறகிலிருந்த நீரை ஊதி உதறினாள்.

“மடு முடியட்டும்,” என்றாள், உரத்தும் அல்லாமல், மெல்லவும் அல்லாமல்.

சட்டைப் பைக்குள் சாவிக்கொத்து கூரற்ற ஈக்கள் நிறைந்த அந்தப் பெட்டியின்மேல் பட்டு ஒலித்தது. வால்முனை இன்னும் தொலைவில் இருந்தது. தோரா ஓரடி கீழே நகர்ந்து, மறுபடி வீசினாள்.